புடிச்சுத்தானுங்க போனேன்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பைபாஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றில் நான் எட்டு வருடம் மேனேஜராக இருந்தேன். ஓட்டலைத் திறந்த புதிதில் கூட்டம் வரவில்லை. முதலாளி எங்கோ ஒரு பிரியாணிப் போட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வைப்போம் என்றார். நோட்டீஸ் அடித்து சுற்றுவட்டாரமெல்லாம் ஒட்டினோம். இருபது நிமிடத்தில் யார் அதிகம் சாப்பிடுகிறார்களோ அவருக்கு ஒரு ஃபிரிட்ஜ். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். பதினேழு பேர் ஆண்கள். போர் போடுகிற ரிக் வண்டி டிரைவர்கள், கோழித்தீவன மூட்டை தூக்குகிறவர்கள், ஜிம்முக்குப் போகிற கல்லூரிப் பையன்கள். பதினெட்டாவதாக அவர் வந்து நின்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் இறங்கியதும் முகம் மறந்துபோகிற மாதிரியான ஆள். ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை செய்துகொண்டிருந்தார். வேலை முடித்து நேராக வந்திருந்ததால் புடவையின் மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்.

முதலாளிக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏனுங்க அம்மிணி, அடுத்த வாரம் பொம்பளைங்களுக்குன்னு தனியாக் கோலப்போட்டி வெக்கறமுங்க. அதுல சேந்துக்கறீங்களா?" என்றார்.

"எனக்குக் கோலம் வராதுங்க. நோட்டீஸ்ல ஆம்பளைங்க மட்டும்னு போட்டிருக்குதுங்களா?"

போடவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் நோட்டில் பதினெட்டாவது வரியில் பெயரை எழுதினேன்.

அரை கிலோ அரை கிலோவாக நிறுத்துத் தட்டில் போட்டு வைத்திருந்தோம். விசில் ஊதியதும் பதினேழு பேரும் சண்டைக்குப் போவதுபோல் பாய்ந்தார்கள். அவர் முதலில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். கறியை எலும்பிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. வீட்டில் விடுமுறை நாளில் சாப்பிடுகிற மாதிரி, ஒரு வாய், மெல்லல், அடுத்த வாய். முதல் ஐந்து நிமிடத்தில் கடைசியாக இருந்தார். பத்தாவது நிமிடத்தில் பையன்கள் வியர்க்க ஆரம்பித்து, பெல்ட்டைத் தளர்த்தி, மேலே பார்த்து மூச்சுவிட்டார்கள். அவர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே ஃபேன் சுற்றுகிறதா, எதிரில் இருநூறு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. நேரம் முடிந்தபோது ஐந்தாவது தட்டில் பாதி காலி. இரண்டாவதாக வந்தவர் நாலாவது தட்டோடு நின்றுவிட்டார்.

கூட்டம் கத்தியது. முதலாளி மாலையோடு ஓடினார். அந்த அம்மா தட்டில் மீதியிருந்ததையும் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ரசம் இருக்குதுங்களா? ஒரு டம்ளர் குடுங்க" என்றார். குடித்தார். குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, பின்னால் ஃபிரிட்ஜைச் சாய்க்காமல் நிறுத்தி, தானும் அதோடு ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போனார்.

அந்தப் போட்டியால் ஓட்டலுக்குப் பெயர் வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது. நேரம் பார்க்க, மைக் பிடிக்க, சண்டை வராமல் தீர்ப்புச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று பல இடங்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். பொங்கலுக்குக் கரும்பு தின்னும் போட்டி, திருவிழாவுக்கு இட்லிப் போட்டி, புதுக்கடைத் திறப்புக்குப் பரோட்டாப் போட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவேன். நாலைந்து வருடத்தில் பத்துப் பன்னிரண்டு போட்டிகளில் அவரைப் பார்த்திருப்பேன். அவற்றில் பாதியிலாவது ஜெயித்திருப்பார். தோற்றாலும் அதே முகம்தான். ஒரு முறை முட்டைப் போட்டியில் நாலாவதாக வந்தார். "பொழுதன்னைக்கும் மூஞ்சிக்கு முன்னாடி முட்டைதானுங்க. இங்கயும் அதேயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லோருக்கும் அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. எதற்காக? பதிலையும் அவர்களே வைத்திருந்தார்கள். வயிற்றில் பூச்சி என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். தைராய்டு என்றார்கள் படித்தவர்கள். பரமத்தி வேலூரில் ஒரு அம்மாள் அவருடைய நெற்றியில் திருநீறு பூசி, "ஏதோ ஒண்ணு உங்கூட ஒக்காந்து திங்குது கண்ணு, கோயிலுக்குப் போய் மந்திரிச்சுக்க" என்றார். திருநீறை அவர் துடைக்கவில்லை. "சரிங்க" என்றார். அதோடு உட்கார்ந்து நாற்பது வாழைப்பழத்துக்கு மேல் சாப்பிட்டார்.

ஒரு வீடியோக்காரர் இருந்தார். போட்டி நடக்கும் இடமெல்லாம் வந்து படம்பிடித்து இணையத்தில் போடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் கண்ணீரில் தொட்டுத்தான் எடுப்பார். ஒரு போட்டி முடிந்ததும் அந்த அம்மாவை உட்காரவைத்து மைக்கை நீட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அக்கா, சின்ன வயசுல சாப்பாட்டுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"இல்லீங்களே. எங்கப்பனூட்ல எருமை ரெண்டு இருந்துச்சுங்க. தயிருக்குக் கொறையே இல்லீங்க."

"அப்போ கல்யாணத்துக்கு அப்புறம்?"

"எங்கூட்டுக்காரரு ரிக்குல இருக்காருங்க. சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு இருக்காரு. பணம் அனுப்பறாருங்க."

"உங்களைப் புரிஞ்சுக்காம வேதனைப்படுத்தினாங்களா யாராச்சும்?"

"ஏனுங்க?"

வீடியோக்காரர் கடைசியாக, "அப்போ எதுக்குக்கா இந்தப் போட்டிக்கெல்லாம் வர்றீங்க?" என்றார்.

"புடிக்குதுங்க."

அவ்வளவுதான் பேட்டி. ஆனால் வீடியோ வெளியானபோது மேலே பெரிய சிவப்பு எழுத்தில், பட்டினி கிடந்த பெண் பந்தயத்துக்கு வந்த கதை என்று போட்டிருந்தது. பின்னணியில் வயலின் வேறு. மூன்றாம் நாள் அவர் என் ஓட்டலுக்கு வந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அந்தத் தம்பிக்குப் போனப் போடுங்க."

போட்டேன். போனை வாங்கிப் பேசினார். சத்தம் போடவில்லை. "சாமி, நான் எந்தூட்ல பட்டினி கெடந்தேன்? எங்கப்பனூட்லயா, எங்கூட்டுக்காரரு ஊட்லயா? எங்கப்பன் செத்துப் பதினாலு வருசமாச்சு. பந்தில கடைசி ஆளு எந்திரிக்காம அவரு கை நனைக்க மாட்டாரு. அந்த மனுசன் பொண்ணைப் பட்டினி போட்டான்னு ஊரு பேசுது. அவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாரா?"

அந்தப்பக்கம் என்ன சொன்னார் என்று தெரியாது. சாயங்காலம் தலைப்பு மாறியிருந்தது. வயலினை எடுக்க முடியவில்லை என்றார் வீடியோக்காரர்.

ஆட்டையாம்பட்டித் திருவிழாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதில் என் பங்கும் இருக்கிறது. கோயிலுக்கு எதிரே மேடை போட்டு இட்லிப் போட்டி. அப்போதெல்லாம் நான் மைக்கில் விடாமல் பேசுவேன். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுவேன். கூட்டத்துக்கு அது பிடிக்கும். கடைசி இரண்டு நிமிடம் இருந்தபோது, "விடாதீங்க, விடாதீங்க! ஏழாம் நம்பர் முந்துறாரு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் நம்பர் ஒரு விசைத்தறிக்காரர். ஐம்பது வயசு. அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நம் முட்டைப் பண்ணை அம்மா. தறிக்காரர் இரண்டு இட்லியைச் சேர்த்து வாயில் அடைத்துத் தண்ணீர் ஊற்றினார். பிறகு கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். கண் பிதுங்கியது. சத்தம் வரவில்லை. கூட்டம் அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். போட்டியின் நடுவில் அவர் தலையைத் திருப்பி நான் பார்த்ததில்லை. எழுந்து தறிக்காரரை முன்னால் குனியவைத்து, முதுகில் உள்ளங்கையின் அடியால் ஐந்தாறு அடி கொடுத்தார். அசையவில்லை. பின்னால் போய் இரண்டு கையாலும் அவருடைய வயிற்றைச் சுற்றிப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை அடைத்தது வெளியே வந்து விழுந்தது. தறிக்காரர் இழுத்த மூச்சுச் சத்தம் என் கையிலிருந்த மைக்கில் கேட்டது. பண்ணையில் எப்போதோ ஒரு நாள் முதலுதவி வகுப்பு எடுத்தார்களாம். மற்றவர்கள் தூங்கினார்களாம், இவர் கவனித்தாராம்.

தறிக்காரரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விழாக் கமிட்டி போட்டியை ரத்து செய்துவிட்டது. கூட்டம் கலைந்தது. பேனரைக் கழற்ற ஆட்கள் மேடையில் ஏறினார்கள். அம்மா குழாயடியில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் மீதியிருந்த ஆறு இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

கீழே நின்றவர்கள் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்கள். "கல்லு மனசுக்காரிடா. ஒரு உசுரு போகத் தெரிஞ்சுது, இவளைப் பாரு" என்றது ஒரு குரல். காப்பாற்றியதே அவர்தான் என்பது அதற்குள் மறந்துவிட்டது. எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேடையேறிப் போய், "அக்கா, போட்டி முடிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

"தெரியுதுங்க. இட்லி முடியலீங்கல்ல."

ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, "தம்பி, நீங்க மைக்குல வெரட்டாதீங்க. உங்க சத்தத்தைக் கேட்டுத்தான் அவரு ரெண்டை ஒண்ணாப் போட்டாரு" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சாம்பார் ஆறிப்போயிருக்கிறது என்று சொல்கிற குரல். அன்றைக்கு அப்புறம் நான் எந்தப் போட்டியிலும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னதில்லை. மைக் பிடிக்கிற ஆள் மந்தமாகிவிட்டான் என்று இரண்டு மூன்று கமிட்டிகள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டன.

தறிக்காரர் பிழைத்து வந்து, தன் தறியில் ஓடிய துண்டு நாலை மடித்து, அவரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அதைக் கொடுக்கத்தான் ஒரு நாள் அவர் வேலை பார்த்த பண்ணைக்குப் போனேன். நீளமான கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையிலும் இரண்டிரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டுவார். சத்தத்தை வைத்தே விரிசல் விட்டது எது என்று தெரிந்துவிடும். அதைத் தனி அட்டையில் வைப்பார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரமோ. சாப்பாட்டு நேரம் வந்ததும் தூக்குப்போசியைத் திறந்தார். கொஞ்சம் சோறு, கொள்ளு ரசம், ஒரு ஓரத்தில் கத்தரிக்காய். என் வீட்டில் என் அம்மா சாப்பிடுகிற அளவு.

"இவ்வளவுதானுங்களா அக்கா?"

"பின்ன?"

"எதுக்குங்க அந்தப் போட்டிக்கெல்லாம் போறீங்க?"

"நீங்களுமா?" என்று சிரித்தார். சாப்பிட்டு முடித்துப் போசியைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் சொன்னார்: "ஊட்ல சோத்துல கைய வெச்சா, அவளுக்கு இருக்குதா, நாளைக்கு மாவு இருக்குதா, ஒறம்பரை, சொந்தம்னு யாராச்சும் வந்துருவாங்களான்னு மனசு ஓடும்ங்க. அங்க அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீ தின்னுன்னு சொல்லிப் போட்டுட்டே இருப்பாங்க. நான் பாட்டுக்குத் தின்னுட்டே இருப்பேன். நல்லாருக்குமுங்க."

இதைவிட நீளமாக அவர் எப்போதும் சொன்னதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அவள் என்று அவர் சொன்னது மகளை. ஒரே மகள். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அம்மா போட்டிக்குப் போவது மகளுக்குத் துளியும் பிடிக்காது. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் அந்த வீடியோக்களைக் காட்டிக் கேலி செய்வார்களாம். அம்மா ஜெயித்த ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்கூட வைக்க மாட்டாள் என்று அவரே ஒரு முறை சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த மகளுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு வரன் வந்தது. வெற்றிலைக் கொடிக்கால், வாழை என்று ஆற்றோரம் நல்ல விவசாயம். பையன் வந்து பார்த்துவிட்டுப் போய், இருவரும் போனில் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று அதை எங்கள் ஓட்டலில் வைத்துக்கொண்டார்கள். மாடியில் ஏ.சி. அறையில் பத்துப் பேருக்கு இலை போட்டேன். தெரிந்த குடும்பம் என்பதால் நானே நின்று பரிமாறினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பாயசம் வந்தபோது பையனின் அம்மா பேச்சை எடுத்தார். மரியாதையான பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை.

"சம்மந்தி, ஒரு சின்ன விசயம்ங்க. போன்ல உங்க வீடியோவெல்லாம் எங்கூரு ஆளுங்க பாத்துட்டாங்க. நாலு பேரு கேக்கறாங்கல்லங்க. ஏதோ கஷ்டத்துக்குப் போயிருப்பீங்க. அப்படின்னு நாங்களே சொல்லிச் சமாளிச்சுக்கறம். இனிமேலு போகாம இருந்தாச் சரிங்க."

அது பெரிய மனசு என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு கதவைத் திறந்து, குனிந்து வரக்கூடத் தேவையில்லாதபடி பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே மகள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை பாயச டம்ளரைச் சுற்றி இறுகியிருந்தது. நான் பாயச வாளியோடு அம்மாவுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் யோசித்தார். "இனிமே போகலீங்க. பொண்ணுக்காவ அதை விட்டர்றனுங்க" என்றார்.

அறையில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

"ஆனா கஷ்டத்துக்குப் போகலீங்க" என்றார். "கஷ்டம்னு சொல்லாதீங்க. புடிச்சுத்தானுங்க போனேன்."

பையனின் மாமா ஒருவர், "ஒரு பொம்பளை புடிச்சுத்தான் சந்தில ஒக்காந்து தின்னேன்னு சொன்னா எப்படிங்க?" என்றார். அம்மா டம்ளரில் இருந்த பாயசத்தைக் குடித்து முடித்தார். அவர்கள் கும்பிட்டு விடைபெற்றுக் கீழே இறங்கினார்கள். மறுநாள் தரகர் போன் செய்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்றாராம். ஒரு வாரத்தில் மகள் துணிமணியை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மாவின் போனை எடுப்பதில்லை. கணவர் ரிக்கிலிருந்து கூப்பிட்டு, "நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, சொல்லாம இருந்திருந்தாலும் ஒண்ணும் தப்பில்ல" என்றாராம். அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்கும் அதையேதான் சொல்லத் தோன்றியது.

நாலைந்து மாதம் கழித்து அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பரோட்டாப் போட்டி. நேரம் பார்க்க நான் போயிருந்தேன். பெயர் கொடுக்கிற வரிசையில் அவர் நின்றார். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அவர்களோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

"பொண்ணு எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"பேசறதில்லீங்க. தீபாவளிக்கும் வரலீங்க."

முப்பது நிமிடப் போட்டி. வீடியோக்காரர் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போலத்தான் தொடங்கினார். பரோட்டாவைப் பிய்த்து, சால்னா ஊறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக. இருபதாவது நிமிடத்தில் பதினாறு முடித்து மற்ற எல்லோரையும்விட இரண்டு முன்னால் இருந்தார். பதினேழாவதைப் பிய்த்தார். வாய்வரைக்கும் கொண்டுபோன கை நின்றது. துண்டை மறுபடி இலையில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய்க் குனிந்து, "அக்கா, முடியலீங்களா? தண்ணி வேணுங்களா?" என்றேன்.

"வயிறு இருக்குதுங்க. ருசி தெரியலீங்க தம்பி. மொதல்லருந்தே தெரியல. வரும் வரும்னு பாத்தேன்."

"இன்னும் மூணு நாலு தின்னீங்கன்னா நீங்கதானுங்க ஜெயிப்பீங்க."

"ருசி தெரியாம எதுக்குங்க தின்னோணும்?"

எழுந்துவிட்டார். இலையில் ஒன்றை மீதம் வைத்துவிட்டு அவர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டத்தில் சிலர் விசிலடித்தார்கள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆத்தூர் ரோட்டில் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் காலை ஓட்டலுக்கு ஒரு பெண் வந்தாள். அவருடைய மகள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"அண்ணா, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்களா?"

"ஏம்மா?"

"நேத்து லைவ்ல பாத்தனுங்க. பாதில எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்கம்மா அப்படி எந்திரிக்க மாட்டாங்கண்ணா. ஒரு வீடியோலயும் இலைல மீதி வெச்சுட்டு எந்திரிச்சதில்லை."

எல்லா வீடியோவையும் அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ருசி தெரியவில்லை என்று அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை. "நான் ஊட்டுக்குப் போறனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸுக்காக வெயிலில் போய் நின்றாள்.

வீட்டில் அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசாமலும் இருந்திருக்கலாம். அம்மா அதன்பின் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. நானும் அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெண் போன் செய்து கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஆத்தூர்க்காரர். அதே ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர்.

"அவங்கூட்ல அம்மா வீடியோவைப் பாத்தாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நானே காட்டிட்டனுங்கண்ணா, மொத நாளே. மாமியாரு, மாமனாரு எல்லாத்தையும் சுத்தி ஒக்கார வெச்சு. பாத்துட்டுத்தானுங்க சரின்னாங்க."

நாமக்கல்லில் ஒரு மண்டபம். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். பெண்ணின் அம்மா கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அதுவரை ஒறம்பரைகளைக் கவனித்துக்கொண்டு இலை இலையாகப் போக வேண்டும். பட்டுப்புடவையில் அவர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. ரிக்கிலிருந்து வந்திருந்த கணவர் கறுத்து மெலிந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது கூறைப்புடவையும் மாலையுமாக மகள் கூடத்துக்குள் வந்தாள். பின்னால் போட்டோக்காரர்கள். நேராக அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, காலியாக இருந்த ஒரு இலையின் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஏ அம்மிணி, வுடு. மொத பந்தில நான் ஒக்காரக் கூடாது. ஆளுங்க என்ன சொல்லுவாங்க?"

"நான் போடச் சொல்றேன். நீ சாப்புடும்மா."

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இரும்மா, சம்பந்தியோட நானும் உக்காந்துக்கறேன்" என்று பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார். சோறு வந்தது. பருப்பு, நெய், சாம்பார். கூடத்தில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு செல்போன்களும் உயர்ந்தன. மகள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, இலைக்கு எதிரே அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவர் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார்.

"எப்படிம்மா இருக்குது?"

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

"உப்புக் கொஞ்சம் கம்மி அம்மிணி" என்றார். பிறகு அந்தப் பக்கம் போன பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னொரு கரண்டி ஊத்துங்க சாமி" என்றார்.